அக்கா பிள்ளை வாங்கின கிளைடர்

மனிதர்கள் எந்தப் பொருளையும் முதன்முதலாக வாங்கும்போது தங்களுக்காக வாங்குவதில்லை. இன்னும் நாலைந்து வருஷத்தில் தாங்கள் ஆகப்போவதாக நம்பிக்கொண்டிருக்கிற வேறொரு ஆசாமிக்காக வாங்குகிறார்கள். சரளி வரிசையைத் தாண்டாதவர் தஞ்சாவூருக்கு எழுதி, ஒரே பலா மரத்தில் குடைந்த வீணைக்கு முன்பணம் அனுப்புகிறார். நேற்றுச் சன்னது பெற்ற வக்கீல், நாற்பது வருஷத்துத் தீர்ப்புத் தொகுதிகளை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்குகிறார். தோசை திரும்பாத புது மருமகள் நூறு பேருக்குச் சமைக்கிற அண்டாவைப் பார்த்து ஆசைப்படுகிறாள்.

இவற்றால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. வீணை உறை போட்டுக்கொண்டு மூலையில் நிற்கும். தீர்ப்புத் தொகுதிகளைக் கரையான் வாசிக்கும். ஆனால் வாங்குகிற பொருள் உங்களை ஆயிரம் மீட்டர் உயரத்தில் வைத்திருந்து, எஞ்சின் இல்லாமலே பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்க வேண்டிய பொருளாக இருந்தால் சங்கதி வேறு. இன்றைய ஆசாமிக்கும் நாளைய ஆசாமிக்கும் உள்ள வித்தியாசத்தை அது உடனே கணக்குப் பார்த்து வசூல் செய்துவிடும்.

2018-ஆம் வருஷக் கோடையில் நான் ஜெர்மனிக்குப் போய் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். என் அக்கா பிள்ளை அங்கே ஹெஸ்ஸே மாநிலத்தில் என்ஜினீயராக இருக்கிறான். புறப்படுவதற்கு முதல் நாள் அக்கா என்னிடம் ஒரு மாவடு ஜாடியையும் ஒரு பொறுப்பையும் கொடுத்தாள்.

"அவன் என்னமோ எஞ்சின் இல்லாத ஏரோப்ளேன் ஓட்ட லைசென்ஸ் வாங்கியிருக்கானாம். இப்போ சொந்தமா ஒண்ணு வாங்கப் போறானாம். எஞ்சின் இருக்கிறதே விழறது. நீ போய் நாலு வார்த்தை சொல்லி அவன் மனசை மாத்திட்டு வா."

ஜாடியை உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பொறுப்பையும் முதல் நாள் ராத்திரியே நிறைவேற்றினேன். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பறக்கிறதா வேண்டாமாங்கிற கேள்வி முடிஞ்சு போச்சு, மாமா. எதிலே பறக்கிறதுங்கிறதுதான் பாக்கி. அம்மாவுக்குப் பயம்னா, அந்தக் கேள்வியிலே எனக்கு உதவி பண்ணுங்க. உசிர் அதிலேதான் இருக்கு" என்றான்.

இப்படித்தான் ஜெர்மன் கிராமம் கிராமமாகக் கிளைடர் பார்க்கக் கிளம்பினேன்.

கிளைடர் என்றால் என்னவென்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீளமான, மெல்லிய இறக்கைகள். ஒருவரோ இருவரோ சாய்ந்து படுத்தாற்போல் உட்காரும் ஒரு குறுகிய கூடு. அவ்வளவுதான். வேறொரு விமானம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் மேலே விடும். அல்லது வின்ச் என்கிற யந்திரம் தரையிலிருந்தபடியே கயிற்றை விறுவிறு என்று சுற்றிப் பட்டம்போல் ஏற்றிவிடும். கயிறு விட்ட பிறகு கிளைடர் சதா இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து சூடான காற்று மேலே எழும்புகிற இடத்தைக் கண்டுபிடித்து, பருந்து வட்டமிடுவதுபோல் அதற்குள்ளேயே சுற்றினால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். தேர்ந்தவர்கள் இப்படி ஒரு காற்றிலிருந்து இன்னொரு காற்றுக்குத் தாவி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்வருகிறார்கள். காற்றுக் கிடைக்காவிட்டால் கீழே தெரிகிற ஏதாவதொரு வயலில் இறங்க வேண்டியதுதான்.

இந்தக் கலைக்கு ஜெர்மனியில் ஒரு திருத்தலம் உண்டு. ரோன் மலைப்பகுதியில் வாஸர்குப்பே என்று 950 மீட்டர் உயரமுள்ள ஒரு மொட்டைக் குன்று. முதல் உலக யுத்தத்தில் தோற்ற ஜெர்மனிக்கு எஞ்சின் விமானம் கட்ட வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை தடை போட்டது. இளைஞர்கள் சும்மா இருப்பார்களா? எஞ்சின் இல்லாத விமானங்களைக் கட்டி, 1920-ல் அந்தக் குன்றில் கூடிப் பந்தயம் நடத்தினார்கள். குன்றின் அடிவாரத்தில் இருக்கிற பாப்பன்ஹவுஸனில் 1927-ல் தொடங்கிய ஷ்லைஷர் கிளைடர்த் தொழிற்சாலை இன்றும் நடக்கிறது. அங்கெல்லாம் பதினாலு வயசுப் பையன்களும் பெண்களும் தனியாகக் கிளைடர் ஓட்டுகிறார்கள். நம் வீட்டில் அந்த வயசுக்காரர்களைத் தெருக்கோடிக் கடைக்கு அனுப்பவே யோசிக்கிறோம்.

லைசென்ஸ் வாங்கக் குறைந்தபட்சம் 15 மணி நேரப் பயிற்சியும், 45 முறை ஏறி இறங்கின கணக்கும் வேண்டும் என்பது சட்டம். பையனுக்கு 32 மணி நேரம் ஆகியிருந்தது. கிளப்பில் பொதுக் கிளைடர்கள் இருக்கின்றன. ஆனால் வெயிலும் மேகமும் கச்சிதமாக அமைகிற நாளில் எல்லாரும் வந்து வரிசையில் நிற்கிறார்கள். காலையிலிருந்து கயிறு இழுத்து, மற்றவர்களுக்கு இறக்கை பிடித்துவிட்டு, சாயந்திரம் இருபது நிமிஷம் பறக்கலாம். தொலைதூரம் போக வேண்டுமென்றால் சொந்தமாக ஒன்று இருந்தால் சௌகரியம். புதியது வாங்கக் கட்டுப்படியாகாது. பழையதோ ஏராளம். நல்ல கவனிப்பில் இருந்தால் நாற்பது ஐம்பது வருஷமானாலும் பறக்கிறது.

பையன் மனசில் ஏற்கெனவே ஒன்று குடியேறியிருந்தது. ஏ.எஸ்.டபிள்யூ. 20 என்று பெயர். 1977-ல் முதன்முதலாகப் பறந்த பந்தயக் கிளைடர். அதன் படத்தை அவன் கைப்பேசியில் காட்டிய தோரணை, முன்காலத்தில் பிள்ளைகள் பெண்ணின் புகைப்படத்தைக் காட்டுகிற தோரணையாகவே இருந்தது.

"மிதக்கிற விகிதம் 42, மாமா" என்றான். அதாவது, காற்று அசையாமல் இருந்தால், ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 42 கிலோமீட்டர் தூரம் போய்த் தரையைத் தொடும்.

கிளப்பில் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுபது வயசுக்காரர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பையன் என்னை அவரிடம் அழைத்துப் போனான். கொட்டகையில் ஓர் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "உங்கள் நாட்டில் கிளைடர் உண்டா?" என்று என்னைக் கேட்டார்.

இதற்குப் பதில் என்னைவிடப் பையனுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. டில்லியில் சிவில் விமான இலாகாவின் தொழில்நுட்ப மையத்தில் 1950-களிலிருந்தே கிளைடர்கள் வடிவமைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரிஷம், ஆருத்ரா என்று நட்சத்திரப் பெயர்கள். 1963-ல் பறந்த கார்த்திக்கை வடிவமைத்தவர் எஸ். ராமாமிருதம். ஒரு பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே இலாகா நடத்தியிருப்பார்கள்போல் இருக்கிறது!

நட்சத்திரம் என்றதும், எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு நட்சத்திரப் பொருத்தம் பார்ப்பதைப் பற்றிச் சொன்னேன். கிழவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பையன் பக்கம் திரும்பினார்.

"சரி, நாமும் பொருத்தம் பார்ப்போம். ஆறு மாதம் பனியிலும் மழையிலும் நீ பறக்கவில்லை. ஏப்ரலில் முதல் நல்ல நாள். இரண்டு மணி நேரம் ஆகிக் களைத்திருக்கிறாய். காற்று கைவிட்டுவிட்டது. கீழே ஒரு வயல். அதன் குறுக்கே காற்று அடிக்கிறது. அந்த ஐந்து நிமிஷத்தில் எந்தக் கிளைடரில் உட்கார்ந்திருக்க ஆசைப்படுவாய்? அதை வாங்கு."

பையன் பதில் சொல்லவில்லை. புதிதாக மேழி பிடிக்கிறவனுக்கு என் தாத்தா எப்போதும் பழகின ஜோடி மாட்டைத்தான் அவிழ்த்துக் கொடுப்பார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். பையன் மொழிபெயர்த்தான். "உங்கள் தாத்தா கிளைடர் வாத்தியாராக இருந்திருக்க வேண்டியவர்" என்றார் கிழவர்.

முதலில் அவர் சிபாரிசு செய்த 'கா 8' ஒன்றைப் பார்த்தோம். 1957-ல் பறக்கத் தொடங்கிய ரகம். ஆயிரத்து இருநூறுக்கு மேல் செய்திருக்கிறார்கள். மர இறக்கை, எஃகுக் குழாய்க் கூடு, மேலே துணி. விலை ஒரு பழைய மோட்டார் காரின் விலைதான். விகிதம் 27. இதைப்போல் சாதுவானது கிடையாது என்கிறார்கள். மெதுவாகப் பறக்கும்; பலவீனமான காற்றிலும் ஏறும்; சின்ன வயலிலும் இறங்கும். மரக் கிளைடருக்கு எதிரி ஈரம். பழைய பசை ஈரத்தில் விட்டுப்போகும். ஆகவே அது எத்தனை வருஷம் எந்தக் கொட்டகையில் இருந்தது என்பது ஜாதகத்தில் முதல் கட்டம். பையன் இறக்கையின் உள்ளே விளக்கடித்துப் பார்த்தான். முகர்ந்துகூடப் பார்த்தான்.

கா 8-இன் குறையும் அதன் சாதுத்தனம்தான். மணிக்கு எழுபது கிலோமீட்டரை ஒட்டிப் போனால்தான் அது நன்றாக மிதக்கும். எதிர்க்காற்று நாற்பது அடித்தால், தரையைப் பார்க்கிறவனுக்கு அது முப்பதில்தான் நகரும். வீட்டுக்குத் திரும்பி வர முடியாமல் அடிக்கடி வயலில் இறங்க நேரும். "ஒரே வருஷத்தில் இதைத் தாண்டிவிடுவேன், மாமா" என்றான் பையன். அதில் நியாயம் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, அவன் ஆசைப்பட்ட ஏ.எஸ்.டபிள்யூ. 20 ஒன்றைப் பார்க்க இருநூறு கிலோமீட்டர் போனோம். வெள்ளை வெளேரென்று, மீன்போல் வழவழவென்று இருந்தது. மரத்தின் காலம் முடிந்து கண்ணாடி இழையின் காலம் தொடங்கியதும் ஜெர்மனியில்தான். ஷ்டுட்கார்ட் மாணவர்கள் கட்டிய பீனிக்ஸ் என்ற கிளைடர் 1957-ல் பறந்தது. கண்ணாடி இழையால் செய்த முதல் கிளைடர் அதுதான். இந்த ரகத்துக்கு ஈரத்தைவிட, மேல் பூச்சில் விழும் மெல்லிய வெடிப்புகள்தான் கவலை. பூச்சைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடுகிற செலவில் இன்னொரு பழைய கிளைடரே வாங்கிவிடலாமாம்.

பையன் உள்ளே ஏறி உட்கார்ந்தான். வலது கையில் ஓட்டுகிற பிடி. அது தவிர இன்னும் மூன்று வேலை: ஏர் பிரேக், சக்கரம், இறக்கையின் பின் ஓரத்தை மடித்து வளைக்கிற பிளாப். இறங்குகிற அவசரத்தில் ஒன்றை நினைத்து இன்னொன்றைப் பிடித்து இழுத்து அடிபட்டவர்கள் உண்டு. தரைக்கு அருகில் வந்த பிறகு பிளாப்பைச் சட்டென்று மேலே தூக்கிவிட்டால் கிளைடர் தூக்கிப் போட்டாற்போல் கீழே அமர்ந்துவிடும். தேர்ந்தவன் கையில் அதே பிளாப், மற்றக் கிளைடர்கள் இறங்க முடியாத சின்ன வயலில்கூட இறக்கிவிடும். கத்தி நல்லதுதான், கை பழக வேண்டும்.

அவர்கள் யந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு ஏற்ற வேலை ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு கிளைடருக்கும் ஒரு லாக் புத்தகம் உண்டு. எந்த நாள் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, எவ்வளவு நேரம் பறந்தது, எப்போது என்ன ரிப்பேர் செய்தார்கள் என்று பிறந்த நாள் முதல் எழுதிவைத்திருப்பார்கள். ஜெர்மன் மொழி எனக்குத் தெரியாது. தேதிகளும் எண்களும் தெரியும். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்ட இடம்தான் கண்ணில் படும். வாரந்தோறும் பறந்த கிளைடர் ஒரு ஜூலை மாதத்தில் நின்றுபோய், மறு வருஷம் மே மாதத்தில்தான் மறுபடி ஏறியிருந்தது. அந்தப் பக்கத்தைப் பையனிடம் நீட்டினேன்.

சொந்தக்காரர் ஒளிக்கவில்லை. ரிப்பேர்ச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். இடது இறக்கையில் எந்த இடம் என்று தொட்டும் காட்டினார். வயலில் இறங்கினாராம், வேகம் கொஞ்சம் அதிகம், வயல் முடிந்துவிட்டது. "வேலியை நான் பார்த்தேன். பார்க்கத்தான் முடிந்தது" என்றார்.

"அப்போது உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது?" என்று பையன் கேட்டான்.

"அறுபது."

திரும்பி வருகிற வழியில் நூறு கிலோமீட்டர் வரை பையன் பேசவில்லை. பிறகு அவனாகவே கணக்குச் சொன்னான். இறங்கும்போது வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால், தரையில் நிறுத்த வேண்டிய விசை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுமாம். "எனக்கு முப்பத்திரண்டுதான், மாமா" என்று முடித்தான்.

மூன்றாவதாகப் பார்த்தது எல்.எஸ். 4. 1980-ல் வந்தது, ஆயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். 1981 உலகப் போட்டியில் தன் வகுப்பில் முதலாவதாக வந்த ரகம். அப்படியிருந்தும் முரட்டுத்தனம் இல்லை என்பதுதான் அதன் கீர்த்தி. பிளாப் கிடையாது, இடது கைக்கு ஒரு வேலை குறைச்சல். ஏர் பிரேக் திறந்தால் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கும். விகிதம் 40.

நாற்பத்திரண்டுக்கும் நாற்பதுக்கும் வித்தியாசம் என்ன? ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் தூரம். பந்தயத்தில் ஜெயிக்கிறவனும் தோற்கிறவனும் அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் இருக்கிறார்கள். அதற்கு அவர்கள் பல வருஷப் பழக்கத்தை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு மணிக்காரன் அதே இரண்டு கிலோமீட்டருக்கு எதைக் கொடுப்பான்? அவனிடம் கொடுக்க வேறென்ன இருக்கிறது?

கிழவர் கூட வந்திருந்தார். அவர் நேரே போய்ப் பார்த்தது கிளைடரை அல்ல. அதை வைத்திழுக்கும் டிரெய்லரை. சக்கரம், கூரை, பூட்டு, உள்ளே இறக்கையைத் தாங்குகிற வண்டி எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்தார். கிளைடரைக் கழற்றி டிரெய்லரில் வைத்திருப்பார்கள். பறக்கிற அன்று வெளியே எடுத்துப் பூட்டுவார்கள். டிரெய்லர் மட்டமாக இருந்தால் பூட்டுவதற்கு நாலு பேரும் ஒரு மணி நேரமும் ஆகும். அலுப்பில், இன்று வேண்டாம் என்று தோன்றும். பறப்பது குறையும். பழக்கம் குறைந்தவன்தான் அபாயத்தில் இருக்கிறவன். "கெட்ட டிரெய்லர் நல்ல விமானியைக் கெடுத்துவிடும்" என்றார்.

ஒரே ஒரு தடங்கல்தான் இருந்தது. உட்காருகிற இடத்தில் ஒட்டியிருந்த தகட்டில், ஓட்டுகிறவரின் எடை பாராசூட்டோடு சேர்த்துக் குறைந்தது 70 கிலோ என்று எழுதியிருந்தது. ஓட்டுகிறவன் இலேசாக இருந்தால் கிளைடரின் பாரம் பின்பக்கம் தள்ளிப்போகும். அப்போது தலை நிலைகொள்ளாது. ஒரு வேளை சுழலில் மாட்டினால் மீள்வதும் சந்தேகமாகிவிடும். பையன் 60 கிலோ, பாராசூட் ஏழு. மூன்று கிலோ உதைத்தது. அதற்கென்று இருக்கிற ஈயக் கட்டியை முன்னால் வைத்துத் திருகிக்கொள்ள வேண்டுமாம். 'பிள்ளை இளைத்துப் போய்விட்டான்' என்று அக்கா பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை, ஜெர்மனியில் தகடு அடித்து ஒட்டியிருக்கிறார்கள்.

பையன் எல்.எஸ். 4-ஐ வாங்கினான்.

அவன் அதை முதன்முதலாக ஓட்டின நாளன்று நானும் மைதானத்தில் இருந்தேன். இறக்கைகளைப் பூட்டினார்கள். உள்ளே கட்டுப்பாட்டுத் தண்டுகளின் முனைகளை ஒவ்வொன்றாகக் கையால் இணைத்துப் பூட்ட வேண்டும். புதிய ரகங்களில் அவை தாமே இணைந்துகொள்ளும். பழைய ரகங்களில் மனிதன் மறக்காமல் செய்ய வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இணைத்ததற்கும் இணைக்காததற்கும் வித்தியாசம் தெரியாது. ஒன்றை மறந்துவிட்டு ஏறி, மேலே போன பிறகு தெரிந்துகொண்டு உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்காகவே ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். இறக்கையின் பின் ஓரத்தில் கீல் வைத்த பலகை ஒன்று இருக்கிறது. அதை ஒருவர் வெளியே அசையாமல் பிடித்துக்கொள்ள, உள்ளே இருக்கிறவர் பிடியை இரண்டு பக்கமும் அழுத்துவார். வெளியே இருக்கிறவர் கையில் அந்த அழுத்தம் தெரிந்தால் இணைப்பு சரி.

"மாமா, நீங்க பிடிச்சுக்கறீங்களா? அழுத்தாமே, மெதுவா, உள்ளங்கையாலே" என்றான்.

பிடித்துக்கொண்டேன். கண்ணாடி மூடிக்குள் அவன் கை அசைவது எனக்குத் தெரியவில்லை. ஆனால் பலகை என் உள்ளங்கையில் அழுத்தியது, விட்டது, மறுபக்கம் அழுத்தியது. சின்ன வயசில் கடைத்தெருவில் கூட்டத்தைக் கண்டால் என் விரலை இறுக்கிக்கொள்வானே, அதே அழுத்தம்.

"சரி" என்று சத்தமாகச் சொன்னேன். அப்படித்தான் சொல்ல வேண்டுமாம்.

நாற்பது நிமிஷம் பறந்தான். இறங்கும்போது கிழவர் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் புல்லைத் தொட்டு, ஓடி, நின்று, ஓர் இறக்கை களைத்தவன் தோளைச் சாய்ப்பதுபோல் மெதுவாகத் தரையில் சாய்ந்தது. கிழவர் தம் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, காப்பி குடிக்கப் போனார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது என்று பையன் சொன்னான்.

அன்று ராத்திரி அக்காவிடம் டெலிபோனில் எல்லாவற்றையும் சொன்னேன். 27, 40, 42 என்ற கணக்குகளில் அவளுக்குச் சிரத்தை இல்லை. ஈயக் கட்டி விஷயத்துக்கு மட்டும், "நான் சொன்னா யார் கேட்டா?" என்றாள். பலகையைப் பிடித்துக்கொண்ட சமாசாரத்தைச் சொன்னபோது குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அதை இன்னிக்கு நீ பிடிச்சுண்டே. நீ ஊருக்கு வந்தப்புறம் யார் பிடிச்சுப்பா?"

மைதானத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பிடித்துக்கொள்வார்கள், முன்பின் தெரியாதவரைக் கூப்பிட்டாலும் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு வந்து பிடிப்பார்கள், அது அங்கே வழக்கம் என்றேன். அன்று காலையில் பையனும் அப்படி இரண்டு பேருக்குப் பிடித்துவிட்டு வந்ததையும் சொன்னேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மாவடு ஜாடி காலியாகிவிட்டதா என்று கேட்டாள்.